கெட்டுப்போன எல்.டி.எல். துகளும் இரத்தக்குழாயின் உள்பூச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கொழுப்பு டெஸ்ட் எடுக்காத வீடு இன்று குறைவு. ரிப்போர்ட்டில் இருக்கும் எல்.டி.எல். (இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் துகள்) எண்ணுக்கும் மாரடைப்புக்கும் நடுவே, தமனிச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பக்கம்.

கொழுப்பு அடைக்கிறது என்றால், சாக்கடைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவதுபோலவா?

இல்லை. பாதிக் குழப்பத்துக்கு இந்த ஒப்புமைதான் காரணம். பிசுக்கு குழாயின் உள்பக்கத்தில் மேலாக ஒட்டுகிறது. தமனியிலோ கொழுப்பு சுவருக்கு உள்ளேயே சேர்கிறது.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து இழைத்த பூச்சு கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும், தூசி நிற்காது. அந்தச் சுவர் மேலே அழுக்குப் படிந்து கெடுவதில்லை. உள்ளே ஈரம் கோத்து, உப்புப் பூத்து, பூச்சு உப்பி வெடிக்கும்போதுதான் கெடுகிறது. தமனியின் கதையும் ஏறக்குறைய அதுதான். இரத்தம் தொட்டு ஓடும் வழுவழுப்பான பூச்சுக்கு எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஒரு செல் கனம்தான். அதற்குக் கீழே இன்டிமா என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. கொழுப்பு போய்ச் சேரும் இடம் அது.

ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சுக்கு உயிர் இல்லை, எண்டோதீலியத்துக்கு உண்டு. அது நொடிக்கு நொடி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டுப்போன எல்.டி.எல். முதலில் கை வைப்பதும் இந்த வாயுவின்மீதுதான்.

எல்.டி.எல். என்பதே கொலஸ்டிரால்தானே?

கொலஸ்டிரால் சரக்கு, எல்.டி.எல். அதை ஏற்றிச் செல்லும் வண்டி. ஒரு துகளின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர். உள்ளே எஸ்டர் வடிவக் கொலஸ்டிரால் ஏறத்தாழ 1,500 மூலக்கூறுகள், வெளியே பாஸ்போலிப்பிட் தோல், அதைச் சுற்றி 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட அப்போ-பி-100 என்ற ஒரே ஒரு புரதம். துகளுக்கு ஒன்று என்பதால், இரத்தத்தில் அப்போ-பி அளந்தால் வண்டிகளையே எண்ணியதுபோல ஆகும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு கூடி, எல்.டி.எல். எண் சுமாராக இருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த டெஸ்ட் பயன் தரும். ஒவ்வொரு வண்டியிலும் சரக்கு குறைவாக, ஆனால் வண்டிகள் அதிகமாக இருக்கலாம். சுவருக்குள் நுழைவது வண்டி.

அந்தத் துகள் சுவருக்குள் எப்படி நுழைகிறது? ஓட்டை இருந்தால்தானே முடியும்?

ஓட்டை தேவையில்லை. எண்டோதீலியச் செல் தன் மேற்பரப்பில் உள்ள சின்னக் குழிகளில் துகளை வாங்கி, குமிழில் வைத்து, மறுபக்கம் இறக்கிவிடுகிறது. எஸ்.ஆர்.-பி.1, ஏ.எல்.கே.1 என்ற ஏற்பிகள் (செல்லின் மேலிருந்து பொருளைப் பிடிக்கும் புரதங்கள்) இதில் உதவுகின்றன. நல்ல உடல்நிலையிலும் இது நடக்கிறது. இரத்தத்தில் துகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உள்ளே போகும்.

நுழைந்ததில் பெரும்பகுதி திரும்பி வெளியேறிவிடும். வெளியேறாமல் மாட்டிக்கொள்வதுதான் நோயின் முதல் படி. இன்டிமாவில் பைகிளைக்கன், வெர்சிக்கன் போன்ற புரோட்டியோகிளைக்கன்கள் (சர்க்கரைச் சங்கிலி கோத்த புரதங்கள்) வலைபோலப் பரவியிருக்கின்றன. அவற்றின் சல்ஃபேட் தொகுதிகளுக்கு எதிர்மின்னூட்டம். அப்போ-பி-யில் உள்ள லைசின், ஆர்ஜினின் அமிலங்களுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மாட்டிக்கொள்வதே தொடக்கம் என்ற இந்தக் கருத்தை வில்லியம்ஸ், டபாஸ் இருவரும் 1995-ல் முன்வைத்தார்கள். இன்றைய சிகிச்சை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

மாட்டிய துகள் "கெட்டுப்போகிறது" என்றால் சரியாக என்ன நடக்கிறது?

ஆக்சிஜனேற்றம். எண்ணெய் சிக்கடிப்பதற்கு வேதியியல் ரீதியில் உறவுக்காரன் என்று சொல்லலாம். இரத்தத்தில் ஓடும்வரை துகளுக்குப் பாதுகாப்பு உண்டு, பிளாஸ்மாவில் வைட்டமின் சி, யூரிக் அமிலம் எல்லாம் இருக்கின்றன. சுவருக்குள் அந்தத் துணை குறைவு. துகள் தன்னோடு கொண்டுவரும் வைட்டமின் ஈ சுமார் 6 மூலக்கூறுகள்தான். அவை தீர்ந்ததும் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் சங்கிலித்தொடராக வினை ஓடுகிறது. தூண்டுவது செல்கள் சுரக்கும் மைலோபெராக்சிடேஸ், லைப்பாக்சிஜனேஸ் நொதிகளும் சூப்பராக்சைடு, பெராக்சிநைட்ரைட் போன்ற, எதோடும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளும்.

படிகள் இரண்டு. முதலில் கொழுப்பு மட்டும் லேசாகக் கெடுகிறது. அப்போ-பி பெரும்பாலும் அப்படியே இருப்பதால் இந்தத் துகளை வழக்கமான எல்.டி.எல். ஏற்பி இன்னும் அடையாளம் காணும். ஆனால் எண்டோதீலியத்தை உசுப்பிவிட இதுவே போதும். அடுத்து, கொழுப்பு உடைந்து வரும் மாலன்-டை-ஆல்டிஹைடு, 4-ஹைட்ராக்சிநோனினால் ஆகியவை அப்போ-பி-யின் லைசின்களில் ஒட்டுகின்றன. லைசினின் நேர்மின்னூட்டம் போய்விடுகிறது, துகளின் முகமே மாறிவிடுகிறது. வழக்கமான ஏற்பிக்கு இனி அது அந்நியம். குப்பை பொறுக்கும் ஏற்பிகளுக்கு இரை.

ஆக்சிஜனேற்றம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை அதிகமாக இருந்தால் குளுக்கோஸ் அப்போ-பி-யில் ஒட்டுகிறது. சிறுநீரகம் பழுதானால் யூரியாவிலிருந்து வரும் சயனேட் ஒட்டுகிறது. ஸ்பிங்கோமைலினேஸ் நொதி துகள்களை ஒன்றோடொன்று திரட்டி உருண்டையாக்குகிறது. எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

கெட்ட துகள் உள்பூச்சைத் தொட்டதும் என்ன ஆகிறது?

இந்தப் பக்கத்தில் பொறுமையாக வாசிக்க வேண்டிய பதில் இது.

எண்டோதீலியத்தின் மேல் லாக்ஸ்-1 என்ற ஏற்பி இருக்கிறது. ஜப்பானில் சவாமுராவும் உடன் பணியாற்றியவர்களும் 1997-ல் கண்டறிந்தார்கள். நல்ல எல்.டி.எல்.லை இது கண்டுகொள்வதில்லை, கெட்டதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தவுடன் செல்லுக்குள் என்.ஏ.டி.பி.ஹெச். ஆக்சிடேஸ் என்ற நொதி வேகமெடுத்து சூப்பராக்சைடைக் கக்குகிறது. சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்தால் நொடிகூடத் தாமதமின்றி வினைபுரிந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். குழாயைத் தளர்த்த வேண்டிய வாயு அந்த இடத்திலேயே வீணாகிறது.

அதோடு நிற்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் வேண்டும். பெராக்சிநைட்ரைட் அதையும் கெடுத்துவிடும். துணைப்பொருள் இல்லாத நொதி சும்மா இருக்காமல், நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகத் தானே சூப்பராக்சைடு தயாரிக்கத் தொடங்குகிறது. காவல்காரன் கையாலேயே வீடு பற்றிக்கொள்கிற நிலை. இதனால்தான் இந்தக் கோளாறு ஒருமுறை தொடங்கினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. கெட்ட துகள் கூடக்கூட லாக்ஸ்-1 ஏற்பியின் எண்ணிக்கையும் கூடுகிறது. இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஆஞ்சியோடென்சின்-2 ஹார்மோனும் அதைக் கூட்டுகிறது.

இன்னொரு பக்கம், என்.எஃப்.-கப்பா-பி என்ற சுவிட்ச் செல்லின் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை இயக்கிவிடுகிறது. வழுவழுப்பான பூச்சில் கொக்கிகள் முளைக்கின்றன. செலக்டின்கள் மோனோசைட் என்ற வெள்ளணுவை உருளவிட்டு வேகம் குறைக்கின்றன, வி.கேம்-1, ஐ.கேம்-1 இறுகப் பிடிக்கின்றன; எம்.சி.பி.-1 என்ற வேதிச்செய்தி "உள்ளே வா" என்று அழைக்கிறது. செல்களுக்கு இடையிலான இணைப்பும் தளர்வதால் மோனோசைட் நுழைந்துவிடுகிறது. கூடவே, இரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் டிஷ்யூ ஃபேக்டர் கூடுகிறது. உறைவைக் கரைப்பதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1-உம் கூடுகிறது.

நுரைச் செல் என்கிறார்களே, அது எது?

உள்ளே போன மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லாக மாறி, கெட்ட துகள்களை விழுங்குகிறது. கொழுப்புச் சொட்டுகள் நிறைந்து மைக்ராஸ்கோப்பில் நுரைபோலத் தெரியும்.

இதில் ஒரு புதிர் இருந்தது. நல்ல எல்.டி.எல்.லை எவ்வளவு கொடுத்தாலும் மேக்ரோபேஜ் நுரைச் செல் ஆவதில்லை. காரணம், கொலஸ்டிரால் போதுமானதும் செல் தன் எல்.டி.எல். ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் (நோபல், 1985) 1979-ல் அசெட்டைல் ஏற்றி மாற்றிய எல்.டி.எல்.லைக் கொடுத்தபோது மேக்ரோபேஜ் அளவில்லாமல் விழுங்கியது. சி.டி.-36, எஸ்.ஆர்.-ஏ போன்ற குப்பை பொறுக்கும் ஏற்பிகளுக்கு "போதும்" என்ற கட்டுப்பாடு கிடையாது. உடலுக்குள் இயற்கையாகவே அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம் என்பதை ஸ்டைன்பெர்க் குழுவின் ஆய்வுகள் காட்டின.

நுரைச் செல்கள் இறந்தால் உள்ளே கொலஸ்டிரால் படிகங்களும் குழைவான கருவும் மிஞ்சும். அதன்மேல் தசைச் செல்கள் நார் மூடி ஒன்றைப் போர்த்துகின்றன. மூடி தடிமனாக இருந்தால் ஆபத்து குறைவு. 65 மைக்ரோமீட்டருக்குக் கீழே மெலிந்தால் கிழியக்கூடும்.

உடம்பெங்கும் ஒரே இரத்தம்தான். ஏன் சில இடங்களில் மட்டும் படிகிறது?

ஊருணிக்கு வரும் வரத்துக்கால் நேராக ஓடும் இடத்தில் வண்டல் தங்காது. திரும்பும் இடத்திலும் பிரியும் இடத்திலும் தங்கும். தமனியிலும் கழுத்தில் குழாய் இரண்டாகப் பிரியும் இடம், இதயத் தமனியின் கிளைகள் ஆகியவைதான் முதலில் பாதிக்கப்படும். ஆனால் காரணம் வண்டல் அல்ல. இரத்தம் சீராக உரசி ஓடும் இடத்தில் அந்த உரசலே எண்டோதீலியச் செல்லுக்கு ஓர் உத்தரவு: கே.எல்.எஃப்.-2 என்ற மரபணுக் கட்டுப்பாட்டாளர் இயங்கி, நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. சுழலும் இடத்தில் அந்த உத்தரவு வருவதில்லை. அங்கே செல்கள் ஒழுங்கற்று, சுவர் எளிதில் விட்டுக்கொடுக்கிறது.

வைட்டமின் ஈ மாத்திரை, பூண்டு, மஞ்சள் எல்லாம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமே?

ஆக்சிஜனேற்றம் காரணம் என்றால் அதைத் தடுக்கும் மாத்திரை மருந்தாக இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். சோதித்துப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோருக்கு, பாதிப் பேருக்கு தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தும் பலன் இல்லை. 2002-ல் வெளியான ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி இன்னும் தெளிவு. 20,536 பேர், 5 ஆண்டுகள். அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின். இன்னொரு பிரிவுக்கு கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. வைட்டமின்கள் மாரடைப்பைக் குறைக்கவில்லை, ஸ்டாட்டின் குறைத்தது.

சுவருக்குள் மாட்டிய துகளை மாத்திரையால் காப்பாற்றுவதைவிட, மாட்டும் துகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எளிது. பூண்டும் மஞ்சளும் குழம்பில் தாராளமாக இருக்கட்டும். ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அவற்றை நம்புவதுதான் தவறு, அதை நாம் கடுமையாகவே சொல்கிறோம்.

பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பக் காய்ச்சினால் இதே ஆக்சிஜனேற்றம் இரத்தத்துக்கு வருமா?

நேரடியாக அப்படியே அல்ல. எல்.டி.எல். கெடுவது பெரும்பாலும் தமனிச் சுவரில். என்றாலும், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் அதே ஆல்டிஹைடுகள் உருவாகின்றன, சாப்பாட்டில் உள்ள, ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படவும் செய்கிறது. எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (காய்ந்து சிதைவதால் உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அதை அளக்க முடியாது; நிறம் கறுப்பது, நுரை அடங்காமல் நிற்பது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது, விரலில் பிசுபிசுப்பது ஆகியவைதான் அடையாளம். இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வெள்ளைப் பணியாரமும் தேன்குழலும் சுடும் நாளில் அகலச் சட்டிக்குப் பதில் குழிவான சின்ன இருப்புச்சட்டி வையுங்கள். எண்ணெய் பாதிதான் பிடிக்கும். 170 முதல் 180 டிகிரிக்குள் வைத்திருங்கள், புகைய விட வேண்டாம். கந்தரப்பத்தைக் கடைசியில் சுடுங்கள்: அதன் வெல்லம் எண்ணெயில் கருகித் தங்கி, அடுத்த ஈட்டை விரைவில் கெடுக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி நிரப்புவது வேண்டாம். இருக்கும் பெராக்சைடுகள் புதிய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு கெடும்.

செட்டிநாட்டுச் சாப்பாட்டில் எதைக் குறைக்க வேண்டும்?

மசாலாவையோ மிளகையோ அல்ல. நிறைகொழுப்பை (சாச்சுரேட்டட் ஃபேட்). அது கல்லீரலில் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்து, துகள்கள் இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்ற வைக்கிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயில் 20 சதவீதத்துக்குள் நிறைகொழுப்பு. வழக்கமான கடலை எண்ணெய், நல்லெண்ணெயிலேயே நின்றுகொள்ளலாம். ஒருவருக்கு நாளைக்கு 4 தேக்கரண்டி அளவில். உப்புக்கறிக்கு ஆட்டுக்கறி வாங்கும்போது கொழுப்பை நீக்கித் தரச் சொல்லுங்கள், கோழியில் தோலை எடுத்துவிடுங்கள். கவுனி அரிசி நல்ல தானியம்தான், ஆனால் சீனியும் நெய்யும் தேங்காயும் சேர்ந்து பலகாரமான பிறகு அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

கெட்டுப்போன எல்.டி.எல்.லை அளக்க டெஸ்ட் இருக்கிறதா?

ஆய்வுக்கூட முறைகள் உண்டு. சிகிச்சை முடிவை மாற்றும் அளவுக்கு அவை பயன்படுவதில்லை. பணத்தை அதில் செலவழிக்காமல், வழக்கமான லிப்பிட் டெஸ்டோடு வாழ்நாளில் ஒரே ஒருமுறை லிப்போபுரோட்டீன்-ஏ பாருங்கள். எல்.டி.எல்.லின் அண்ணன் தம்பி மாதிரியான இந்தத் துகள், ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிட்களைத் தன்மேல் சுமந்து திரிகிறது. அளவு பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானமாகிறது. டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லா எண்களையும் இன்னும் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஒரு கவனம். பல லேப்களில் எல்.டி.எல். அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது: மொத்தக் கொலஸ்டிராலில் ஹெச்.டி.எல்.லையும் ("நல்ல கொலஸ்டிரால்" என்று சொல்வது) ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மொத்தத்தில் ஹெச்.டி.எல்.லைக் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள்.

எனக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம்?

இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்படி, வேறு ஆபத்து இல்லாதவருக்கு 100-க்குக் கீழ். சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ். லேப் தாளின் ஓரத்தில் "நார்மல்" என்று அச்சிட்டிருப்பது உங்களுக்கான எண் அல்ல.

190-க்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் ஆண்களுக்கு 55-க்கு முன்பும் பெண்களுக்கு 65-க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தாலோ, பிறவிக் கொலஸ்டிரால் நோய் இருக்கலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது ஓர் அடையாளம். இது சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்து, இருவருக்கும் அந்தக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மிகக் கடுமையான வகை வரலாம். நிச்சயம் செய்யும் முன் இருவரும் லிப்பிட் டெஸ்ட் எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டாட்டின் என்ன செய்கிறது? படிந்தது கரையுமா?

கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதைத் தடுக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20–40 மி.கி. எல்.டி.எல்.லைப் பாதியாகக் குறைக்கும். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். அதைவிட, குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸிட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பது கெட்டிக்காரத்தனம். எல்.டி.எல். 39 மி.கி. இறங்கும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

2006-ல் வெளியான ஆஸ்டிராய்ட் ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 40 மி.கி. 24 மாதம் கொடுத்தபோது படிவின் அளவு 1 சதவீதப் புள்ளி அளவுக்குச் சுருங்கியது. கேட்டால் சிறிதாகத் தோன்றும். ஆனால் பலன் அளவில் மட்டும் இல்லை: கரு சுருங்கி, மூடி தடிக்கிறது, கிழிவது குறைகிறது. எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு, சில வாரங்களில் ஏற்பிகள் குறைந்து துகள்கள் பழையபடி ஏறிவிடும்.

ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றார்கள். பிறகும் மாரடைப்பு வருமா?

வரலாம். படிவு வளரும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. கிளகாவ் என்ற ஆய்வாளர் 1987-ல் காட்டியபடி, சுமார் 40 சதவீதம் நிறையும்வரை உள்வழி குறுகுவதே இல்லை. ட்ரெட்மில்லில் மாற்றம் தெரிய 70 சதவீதம் போலக் குறுக வேண்டும். குறுகாத இடத்தில்கூட மெல்லிய மூடி கிழிந்து, உள்ளே இருக்கும் டிஷ்யூ ஃபேக்டர் இரத்தத்தைத் தொட்டால் நிமிடங்களில் கட்டி உறைந்து குழாயை மூடிவிடும்.

அப்படி நடந்தால் கிராமத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகள் முதல் டோஸாகத் தரப்படுகின்றன. முதல் இரண்டும் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தி உறைவு வளராமல் தடுக்கும். உறைவைக் கரைக்கும் ஊசி 12 மணி நேரத்துக்குள் பலன் தரும், முதல் சில மணி நேரத்தில் பலன் மிக அதிகம். நடந்தோ பைக்கிலோ போகாமல் படுக்க வைத்து அழைத்துச் செல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் மெலிதாக்கும் மாத்திரை ஏற்கெனவே எடுப்பவராக இருந்தால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.